சிலிண்டருக்குள் எவ்வளவு வெப்பம்? கிலோ, லீற்றர், யூனிற்: நாமே போட்டுப் பார்க்கக்கூடிய எரிவாயுக் கணக்கு

2021 செப்ரெம்பரில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றின் கொழும்பு விலை 1,493 ரூபா. ஒக்ரோபரில் அது 2,675 ரூபா ஆனது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. வடக்கு, கிழக்குக்கு வரும்போது போக்குவரத்துச் செலவும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாகவே மக்கள் கொடுத்தார்கள். அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நெருக்கடி ஒரு விடயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாம் காசு கொடுத்து வாங்குவது எதை என்பது நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. சிலிண்டர் கிலோவில் விற்கப்படுகிறது, ஒரு கட்டத்தில் லீற்றரிலும் விற்கப்பட்டது. அடுப்பின் தகட்டில் கிலோவாற் என்று இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளுக்கான பெரிய அடுப்பில் பீ.ரீ.யூ. என்று இருக்கிறது. மின்சாரப் பட்டியல் யூனிற்றில் வருகிறது. மண்ணெண்ணெய் லீற்றரில், விறகு கட்டுக் கணக்கில். இத்தனை அளவுகளுக்குள்ளும் நாம் வாங்குவது ஒரே பொருளைத்தான். அது வெப்பம்.

எது மலிவு, எது நட்டம், விற்பவர் சொல்வது சரியா என்று அறிய வேண்டுமானால், இந்த அளவுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் தெரிய வேண்டும். பெருக்கலும் பிரித்தலும் தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கை ஒவ்வொரு படியாக விளக்குகிறது.

ஒரே வெப்பத்துக்கு நான்கு பெயர்கள்

வெப்பத்தை அளக்க நான்கு அலகுகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் இது. பிஸ்கற் பைக்கற்றில் பார்ப்பதும் இதைத்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், 30 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுபோக 70 கிலோகலோரி வேண்டும்.

இரண்டாவது யூல். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது. இது மிகச் சிறிய அளவு என்பதால் பத்து இலட்சம் யூலைச் சேர்த்து ஒரு மெகாயூல் என்கிறோம். ஒரு கிலோகலோரி ஏறத்தாழ 4,184 யூல்.

மூன்றாவது நமது மின்சாரப் பட்டியலில் வரும் யூனிற். அதன் முழுப் பெயர் கிலோவாற் மணி. ஒரு யூனிற் என்பது 3.6 மெகாயூல், அதாவது 860 கிலோகலோரி. மின்சாரத்துக்கு மட்டும் உரிய அளவு என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். எந்த எரிபொருளின் வெப்பத்தையும் யூனிற்றில் சொல்லலாம். நமக்குப் பழகிய அளவு என்பதால் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இதையே பயன்படுத்துவோம்.

நான்காவது பீ.ரீ.யூ. இது பிரித்தானியரின் பழைய அளவு. ஓர் இறாத்தல் தண்ணீரை ஒரு பாகை பரனைற் உயர்த்தத் தேவையான வெப்பம். ஒரு யூனிற்றில் 3,412 பீ.ரீ.யூ. இருக்கிறது. குளிரூட்டிகளும் இறக்குமதியாகும் பெரிய அடுப்புகளும் இன்றும் இந்த அளவிலேயே விற்கப்படுகின்றன.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் அவை திரவமாகின்றன. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புவது அந்தத் திரவம். 12.5 கிலோ திரவம் ஏறத்தாழ 22.5 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். அதே திரவம் வெளியே வந்து வாயுவாகும்போது ஏறத்தாழ 5,200 லீற்றராக, அதாவது 5.2 கன மீற்றராக விரிகிறது. இருநூறு மடங்குக்கும் மேல்.

ஒரு கிலோ எரிவாயுவை எரித்தால் ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பம் கிடைக்கும். இதை 3.6 ஆல் பிரித்தால் 12.8 யூனிற். கிலோகலோரியில் சொன்னால் 11,000.

அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருப்பது 12.5 × 12.8 = 160 யூனிற் வெப்பம். இந்த 160 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1,493 ரூபாவாக இருந்தபோது ஒரு யூனிற் வெப்பத்துக்கு நாம் கொடுத்தது ஏறத்தாழ 9 ரூபா 30 சதம். 4,860 ரூபாவானபோது அது 30 ரூபாவைத் தாண்டியது.

புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் ஒரு கிலோவுக்கான வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. நமது வெப்பநிலையில் தனிப் புரொப்பேனின் அழுத்தம் தனிப் பியூட்டேனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2021 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் எரிவாயுக் கசிவும் வெடிப்பும் நிகழ்ந்தபோது, கலவையில் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டதா என்ற கேள்வி எழுந்ததற்குக் காரணம் இதுதான். கலவை மாறினாலும் ஒரு கிலோவின் வெப்பம் அநேகமாக மாறாது. ஆனால் குழாயும் ரெகுலேற்றரும் தாங்க வேண்டிய அழுத்தம் மாறும்.

அடுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு குடிக்கும்?

இதுவரை பார்த்தது வெப்பத்தின் அளவு. அடுப்பின் தகட்டில் இருப்பது வெப்பத்தின் வேகம். கிலோவாற் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை யூனிற் என்று பொருள். 3 கிலோவாற் அடுப்பு முழுச் சுவாலையில் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 3 யூனிற் வெப்பம். பெரிய அடுப்புகளில் பீ.ரீ.யூ. என்று மட்டும் போட்டிருந்தாலும், பெரும்பாலும் அது ஒரு மணித்தியாலத்துக்கான அளவுதான்.

இதை எரிவாயு ஓடும் வேகமாக மாற்றுவது சுலபம். ஒரு யூனிற் வெப்பத்துக்கு 78 கிராம் எரிவாயு தேவை. ஆகவே:

1 கிலோவாற் = மணித்தியாலத்துக்கு 78 கிராம்.
10,000 பீ.ரீ.யூ. = மணித்தியாலத்துக்கு 230 கிராம்.

வாயுவாகப் பார்த்தால், 78 கிராம் என்பது குழாய்க்குள் ஓடும் ஏறத்தாழ 33 லீற்றர் வாயு.

வீட்டு அடுப்பின் ஒரு பேர்னர் 3 கிலோவாற் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுவாலையில் அது மணித்தியாலத்துக்கு 235 கிராம் எரிக்கும். 12.5 கிலோவை 0.235 ஆல் பிரித்தால் 53 மணித்தியாலம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எரித்தால் 26 நாள் வரும். சுவாலையைக் குறைத்து எரிக்கும் நேரம் இருப்பதால் வழக்கமாக இதைவிட நீடிக்கும். உங்கள் வீட்டில் சிலிண்டர் இந்தக் கணக்குக்கு மிகவும் முன்னரே முடிகிறதென்றால், ஒன்று கசிவு இருக்கிறது, அல்லது நிறை குறைவாக வந்திருக்கிறது, அல்லது பேர்னர் அடைபட்டு மஞ்சள் சுவாலையில் வீணாக எரிகிறது. மூன்றுமே கவனிக்க வேண்டியவை.

பெரிய அடுப்புக்கு வருவோம். 50,000 பீ.ரீ.யூ. என்று எழுதிய அடுப்பு முழுச் சுவாலையில் மணித்தியாலத்துக்கு 1.15 கிலோ எரிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் 11 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். "பெரிய அடுப்பு வாங்கினால் வேலை கெதியாக முடியும்" என்று நம்பிக் கடன்பட்டு வாங்குபவர்கள், கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் தகட்டில் உள்ள இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டருக்குள் திரவம் வாயுவாக மாற, வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். சிறிய சிலிண்டரில் பெரிய அடுப்பைப் பூட்டினால் இழுக்கும் வேகம் போதாமல் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், சுவாலை தளரும். காஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து, உள்ளே மீதி இருக்கும்போதே சிலிண்டரை மாற்றிவிடுகிறோம். அதைத் தவிர்க்க வழி தராசுதான். ஒவ்வொரு சிலிண்டரிலும் அதன் வெற்று நிறை பொறிக்கப்பட்டிருக்கும். தூக்குத் தராசில் நிறுத்து, வெற்று நிறையைக் கழித்தால் மீதி இருக்கும் எரிவாயு தெரிந்துவிடும். புதிய சிலிண்டரை எடுக்கும்போதும் இதையே செய்யலாம்.

ஓர் இடியப்பத்துக்குள் எத்தனை சதம் காஸ்?

போருக்குப் பின்னர் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் சமையலை நம்பியே நிற்கின்றன. இடியப்பம், தோசை, வடை, மிக்சர் என்று வீட்டில் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். மாவின் விலை, தேங்காயின் விலை எல்லாம் கணக்கில் வரும். எரிபொருள் மட்டும் பெரும்பாலும் "வீட்டுச் செலவு" என்று போய்விடும். அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தால் என்ன தெரியும் என்று பார்ப்போம்.

ஒருவர் நாளுக்கு 300 இடியப்பம் அவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாற் பேர்னர் ஒன்று மூன்று மணித்தியாலம் எரிகிறது. 3 × 235 = 705 கிராம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 17.6 கிலோ, அதாவது ஒரு சிலிண்டரும் அடுத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவும்.

சிலிண்டர் 1,493 ரூபாவாக இருந்தபோது ஒரு கிலோ 119 ரூபா. நாளுக்கு 84 ரூபா. ஓர் இடியப்பத்துக்கு 28 சதம்.

சிலிண்டர் 4,860 ரூபாவானபோது ஒரு கிலோ 389 ரூபா. நாளுக்கு 274 ரூபா. ஓர் இடியப்பத்துக்கு 91 சதம்.

ஒரு இடியப்பத்தில் 63 சதம் கூடியது யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் மாதக் கணக்கில் அது 4,700 ரூபாவைத் தாண்டுகிறது. கடைக்குக் கொடுக்கும் விலையை ஏற்றாமல் பழைய விலைக்கே கொடுத்திருந்தால், அந்தப் பணம் அவருடைய உழைப்பிலிருந்துதான் போயிருக்கும். நுண்கடன் தவணை கட்டும் ஒருவருக்கு இது சிறிய தொகை இல்லை. "வேலை நடக்கிறது, கையில் காசு நிற்குதில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. கணக்கு கையில் இருந்தால், விலையை ஏன் கூட்ட வேண்டும் என்று கடைக்காரரிடம் எண்களோடு பேசலாம்.

லீற்றர் என்ற திரை

2021ஆம் ஆண்டில் லிட்ரோ நிறுவனம் 18 லீற்றர் என்ற புதிய அளவில் ஒரு சிலிண்டரைச் சந்தைக்கு விட்டது. விலை 1,395 ரூபா. அப்போது 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 98 ரூபா குறைவு. 12.5 என்பதைவிட 18 பெரிய எண். பார்த்தவுடன் லாபம் போலத்தான் தெரியும்.

18 லீற்றரில் இருந்த எரிவாயு 9.18 கிலோ. கிலோவில் பார்த்தால் 3.32 கிலோ குறைவு. பழைய சிலிண்டரில் ஒரு கிலோ 119 ரூபா, புதியதில் 152 ரூபா. பழையதில் 160 யூனிற் வெப்பம், புதியதில் 117 யூனிற். அதாவது ஒரே வெப்பத்துக்கு 27 சதவீதம் கூடுதல் விலை. விலைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு பொருளின் விலை, அளவு மாற்றத்துக்குள்ளால் ஏறிவிட்டது என்று அப்போது கடும் விமர்சனம் எழுந்தது.

லீற்றர் என்பது பிழையான அளவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எரிவாயுவுக்கு அது நம்பகமான அளவு இல்லை. ஒரு லீற்றர் திரவப் புரொப்பேன் ஏறத்தாழ 510 கிராம், ஒரு லீற்றர் திரவப் பியூட்டேன் ஏறத்தாழ 580 கிராம். கலவையைப் பொறுத்து லீற்றரின் நிறை மாறும், நிறை மாறினால் வெப்பமும் மாறும். கிலோ அப்படி ஏமாற்றாது. எந்தக் கலவையாக இருந்தாலும் ஒரு கிலோ என்றால் அநேகமாக 12.8 யூனிற்தான். ஆகவே எரிவாயு விலையை ஒப்பிட ஒரேயொரு வழி, விலையைக் கிலோவால் பிரிப்பது.

விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம்

எரிபொருளை எண்ணிச் செலவழிப்பது நமது மக்களுக்குப் புதிதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். 2006 ஓகஸ்ரில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாடு மறுபடியும் தட்டுப்பாட்டுக்குள் போனது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு விறகுக் கட்டையின் அருமை தெரியும். அந்த அனுபவ அறிவோடு எண்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

எரிபொருளில் இருக்கும் வெப்பம் முழுவதும் பானைக்குப் போவதில்லை. காஸ் அடுப்பில் ஏறத்தாழ பாதி போகும். மண்ணெண்ணெய்த் திரி அடுப்பில் நூற்றுக்கு 40 அளவில். மூன்று கல் அடுப்பில் நூற்றுக்கு 15 போனாலே பெரிய விடயம். இன்டக்‌ஷன் அடுப்பில் 80 வரை போகும். ஒப்பிட வேண்டியது பானைக்குள் போகும் வெப்பத்தையே.

ஒரு முழுச் சிலிண்டரின் 160 யூனிற்றில் பானைக்குப் போவது 80 யூனிற். அதே சமையலை மற்றவற்றில் செய்ய எவ்வளவு வேண்டும்?

விறகு என்றால்: நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4.4 யூனிற். மூன்று கல் அடுப்பில் ஏறத்தாழ 120 கிலோ விறகு வேண்டும். ஈர விறகின் வெப்பம் இதில் பாதியளவுக்கும் இறங்கலாம், அப்போது அளவு இன்னும் கூடும். விறகு "சும்மா கிடைக்கிறது" என்று சொல்லும்போது, அந்த 120 கிலோவை யார் பொறுக்குவது, யார் தலையில் சுமப்பது, யார் புகைக்குள் நிற்பது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கண்ணிவெடி முற்றாக அகற்றப்படாத காணிகளுக்கு அருகே வாழ்பவர்களுக்கு விறகு பொறுக்குவதற்கு வேறொரு விலையும் உண்டு. அடுப்பைச் சுற்றி மண்ணால் அணைத்து, புகை போக வழி வைத்துக் கட்டினால் விறகு கணிசமாகக் குறையும்.

மண்ணெண்ணெய் என்றால்: ஒரு லீற்றரில் ஏறத்தாழ 9.7 யூனிற். திரி அடுப்பில் ஏறத்தாழ 20 லீற்றர் வேண்டும். லீற்றர் 87 ரூபாவாக இருந்தபோது அது 1,740 ரூபா. 2022 ஓகஸ்ரில் ஒரே இரவில் லீற்றர் 340 ரூபாவானது. அதே 20 லீற்றர் 6,800 ரூபா. உச்சத்தில் இருந்த காஸ் விலையையும் அது தாண்டிவிட்டது. ஏழைகளின் எரிபொருள் என்று சொல்லப்பட்டது, காஸைவிட விலை கூடிய எரிபொருளாக மாறியது. அதே மண்ணெண்ணெயில் படகு இயந்திரம் ஓட்டும் வடக்கு மீனவர்கள் அன்று ஏன் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள் என்பதையும் இந்த எண் சொல்லும்.

மின்சாரம் என்றால்: இன்டக்‌ஷன் அடுப்பில் 100 யூனிற் வேண்டும். இதை ஒரு சுருக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிற்றுக்கு நீங்கள் கட்டும் தொகையை 100 ஆல் பெருக்குங்கள். அது சிலிண்டர் விலையைவிடக் குறைவென்றால் மின்சாரம் லாபம். ஆனால் நமது நாட்டில் கட்டணம் படிப்படியாக ஏறும். 100 யூனிற் கூடும்போது நீங்கள் மேல் படிக்குப் போய்விடலாம். ஆகவே மேல் படியின் விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

கன மீற்றர் எல்லாம் ஒன்றில்லை

வாயுவைக் கன மீற்றரிலும் அளப்பார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒரு கன மீற்றர் என்பது இடத்தின் அளவு. அதற்குள் எந்த வாயு இருக்கிறது என்பதைப் பொறுத்தே வெப்பம் இருக்கும். மாட்டுச் சாணத்திலிருந்து கிடைக்கும் உயிர்வாயு ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 6 யூனிற். இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10 யூனிற். சிலிண்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 30 யூனிற். மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு கன மீற்றர் உயிர்வாயு கிடைத்தால், அது ஏறத்தாழ 470 கிராம் சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். 27 நாளில் ஒரு சிலிண்டர் மிச்சம்.

புலம்பெயர்ந்த உறவுகளின் வீட்டுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. பிரித்தானியாவில் மீற்றர் கன மீற்றரைக் காட்டும், பட்டியல் யூனிற்றில் வரும். இடையில் நடப்பது இதுதான்: கன மீற்றரை முதலில் 1.02264 ஆல் பெருக்குவார்கள். வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்குமான திருத்தம் அது. பிறகு அந்த வாயுவின் வெப்பப் பெறுமானத்தால் பெருக்கி, 3.6 ஆல் பிரிப்பார்கள். வெப்பப் பெறுமானம் 39.5 என்று பட்டியலில் இருந்தால், 100 கன மீற்றருக்கு 1,122 யூனிற் வரும். எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் அவர்கள் சேர்ப்பதால், மேலே சொன்ன 10 யூனிற்றைவிட இது சற்றுக் கூடுதல். பழைய மீற்றர் என்றால் நூறு கன அடி என்ற அளவில் காட்டும். அதற்கு 2.83 ஆல் பெருக்கிக் கன மீற்றராக்க வேண்டும். கன அடி மீற்றரைக் கன மீற்றராகக் கணக்கிட்டுவிட்டாலோ, கன மீற்றரைக் கன அடியாக எடுத்துவிட்டாலோ பட்டியல் மூன்று மடங்கு அளவில் பிழைக்கும். பட்டியல் திடீரெனக் கூடியிருந்தால் மீற்றரின் முகப்பில் எந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அது பற்றிய செய்திகளில் "பத்து இலட்சம் பீ.ரீ.யூ.வுக்கு இத்தனை டொலர்" என்ற வகையில் விலை சொல்லப்படும். பத்து இலட்சம் பீ.ரீ.யூ. என்பது 293 யூனிற். நமது கணக்கில் 23 கிலோ சமையல் எரிவாயு, இரண்டு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. நமது கரையோரக் கடலுக்கு அடியில் இருக்கும் வளத்தைப் பற்றிக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் பேசப்படும்போது, எண்களை நமது குசினி அளவுக்கு மாற்றிப் பார்க்க இது உதவும்.

கசிவுக்கும் இதே கணக்கு

பணத்தைவிட முக்கியமான இடத்திலும் இந்தக் கணக்கு வருகிறது. ஒரு கிலோ எரிவாயு கசிந்தால் ஏறத்தாழ 420 லீற்றர் வாயு. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே அது தீப்பிடிக்கக்கூடிய கலவை. அப்படிக் கலந்தால் 21 கன மீற்றர் இடத்தை அது நிரப்பும். 10 அடிக்கு 10 அடி, 8 அடி உயரமான அறை ஏறத்தாழ அந்த அளவுதான். வீட்டுத்திட்ட வீடுகளின் சிறிய சமையலறையை எண்ணிப் பாருங்கள். சிலிண்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

நடைமுறையில் அவ்வளவும் கசியத் தேவையில்லை. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு பாரமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். அணைந்துபோன பேர்னரைத் திறந்தபடி விட்டால் மணித்தியாலத்துக்கு 100 லீற்றர் அளவில் வாயு தரைக்கு வரும். மணம் தெரிந்தால் ஆழியைப் போடவும் கூடாது, நூர்க்கவும் கூடாது. சிறு பொறியே போதும். ரெகுலேற்றரைக் கழற்றி, கதவு, யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். யன்னல் மட்டும் போதாது, தரைமட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சவர்க்கார நுரையைப் பூசுங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டும்.

சுவரில் எழுதி வைக்க

சிலிண்டர் எரிவாயு 1 கிலோ = 12.8 யூனிற் = 11,000 கிலோகலோரி.
12.5 கிலோ சிலிண்டர் = 160 யூனிற் வெப்பம், பானைக்குள் 80 யூனிற்.
1 கிலோவாற் அடுப்பு = மணித்தியாலத்துக்கு 78 கிராம்.
10,000 பீ.ரீ.யூ. அடுப்பு = மணித்தியாலத்துக்கு 230 கிராம்.
ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க = ஏறத்தாழ 13 கிராம் காஸ்.
ஒரு சிலிண்டர் சமையல் = இன்டக்‌ஷனில் ஏறத்தாழ 100 யூனிற்.

சிலிண்டரின் நிறை குறைந்திருந்தாலோ, குறித்த விலைக்கு மேல் கேட்டாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறையிடும்போது "குறைவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, வெற்று நிறை இவ்வளவு, நிறுத்தபோது இவ்வளவு, குறைவு இத்தனை கிராம் என்று எண்ணோடு சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். சிலிண்டரும் சிட்டையும் கையில் இருக்க வேண்டும்.

நாளைக்கு வேறொரு பெயரில், வேறொரு நிறத்தில், வேறொரு அளவில் சிலிண்டர் வரலாம். எது வந்தாலும் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளுக்கு எத்தனை கிலோ?